அப்பாவின் புருவம் பேசிய வரை

தாராவி
18 ஆகஸ்ட் 2024

வாணிக்கு,

உன் அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? மழையில் அதிகமாகியிருக்கும். இங்கே அம்மா நன்றாக இருக்கிறாள். நானும் இருக்கிறேன்.

போனில் கூப்பிடலாம் என்றுதான் எடுத்தேன். போன தடவை ஹலோ சொன்ன பிறகு இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றது ஞாபகம் வந்தது. அதனால் மெயிலில் எழுதுகிறேன். முனிசிபல் பள்ளியில் படித்த தமிழ். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

விஷயம் அப்பாவைப் பற்றியது. நீ அவருக்குச் செய்து கொடுத்த பேசும் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. திரையில் எழுத்துகள் எப்போதும்போல வரிசையாக ஒளிர்ந்துகொண்டே போகின்றன. வேண்டிய எழுத்து வந்ததும் அப்பா இடது புருவத்தைத் தூக்குகிறார். எதுவும் நடப்பதில்லை. அவர் உடம்பில் அசைவதற்கு மிச்சம் இருப்பது அந்தப் புருவம் ஒன்றுதான் என்று உனக்குத் தெரியும்.

ஏதோ அப்டேட் கேட்டது, அமுக்கினேன். அதிலிருந்து இப்படி. மாட்டுங்காவிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் ஆளைக் கூட்டி வந்தேன். டிஸ்க் நிரம்பிவிட்டது என்று சொல்லி /usr/src என்ற இடத்தில் இருந்ததையெல்லாம் அழித்தார். பிறகு புதிய கெர்னல் சோர்ஸ் முழுவதையும் இறக்கி, அதிலிருந்து ஹெடர் என்று எதையோ /usr/include என்ற இடத்தில் காப்பி செய்தார். கடைசியில், "சென்சார் ஹி கராப் ஹை, பாய்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சென்சார் கெடவில்லை. புருவம் அசையும்போது அதன் விளக்கு எரிகிறது. கரண்ட் வருகிறது, தகவல் உள்ளே போகவில்லை. ஏசி மெக்கானிக்கான எனக்கு அவ்வளவுதான் புரிகிறது.

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. நான் வேலை முடிந்து வந்ததும் எழுத்து அட்டையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் காட்டுகிறேன். நேற்று 'க' வரிசை வரைக்கும் வந்துவிட்டோம். அது 'கா'வா 'கொ'வா என்று நான் தடுமாறினேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். போதும், விடு என்று அர்த்தம். பட்டறையில் அவர் போட்ட சத்தம் தொண்ணூறு அடி ரோடு வரை கேட்கும் என்பார்கள்.

நாம் இரண்டு பேரும் வக்கீல் வைத்துப் பேசுகிற நிலையில் இதைக் கேட்கலாமா என்று தெரியவில்லை. வேறு யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை.

தமிழ்செல்வன்


கோபர்கைரனே
19 ஆகஸ்ட் 2024

தமிழ்செல்வன் அவர்களுக்கு,

அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மாமாவுக்காக என்னிடம் கேட்பதற்கு வக்கீலை நினைக்க வேண்டாம்.

நடந்தது என்னவென்று சொல்கிறேன். கெர்னல் என்பது கம்ப்யூட்டரை உள்ளிருந்து நடத்துகிற பகுதி. சென்சார் சொல்வதைக் கெர்னலுக்குப் புரியவைக்க நான் எழுதியதுதான் டிரைவர். அப்டேட்டில் கெர்னல் மாறிவிட்டது. பழைய கெர்னலுக்காகச் செய்த டிரைவரைப் புதியது ஏற்காது. டிரைவரின் சோர்ஸிலிருந்து, அதாவது நான் எழுதிய மூல வரிகளிலிருந்து, அதைப் புதிதாகக் கம்பைல் செய்து உருவாக்கவேண்டும். அதற்குப் புதிய கெர்னலின் ஹெடர் கோப்புகள் வேண்டும். கெர்னலுக்குள் எது எங்கே இருக்கிறது, எதை எப்படிக் கூப்பிடவேண்டும் என்று டிரைவருக்குச் சொல்பவை அவை.

எதை எங்கே வைப்பது என்பதில்தான் அந்த ஆள் தவறிவிட்டார். /usr/include-இல் இருக்கும் ஹெடர்கள் சாதாரண புரோகிராம்களுக்கானவை. கெர்னல் எத்தனை தடவை மாறினாலும் நாம் கைவைக்கக் கூடாதவை. அவற்றின் மேல்தான் அவர் கொட்டியிருக்கிறார். linux-libc-dev என்ற பேக்கேஜை மறுபடி போடுங்கள், பழையபடி ஆகிவிடும். அவர் இறக்கிய முழுச் சோர்ஸும் தேவையே இல்லை, அழித்துவிடுங்கள்.

uname -r என்று அடித்தால் இப்போது ஓடுகிற கெர்னலின் எண் வரும். அதே எண் உள்ள linux-headers பேக்கேஜைப் போடுங்கள். ஏற்கெனவே இருக்கிறது என்று சொல்லும். நம்பாதீர்கள், அதைத்தான் அவர் அழித்திருக்கிறார். reinstall என்று சொல்லிப் போடுங்கள். அது /usr/src-க்குள் தானே போய் உட்காரும். /lib/modules-க்குள் அந்த எண்ணின் கீழே build என்று ஒரு லிங்க் இருக்கும். டிரைவர் அதைப் பிடித்துக்கொண்டு ஹெடர்களிடம் போய்ச் சேரும்.

/usr/src சிஸ்டத்தின் இடம். சிஸ்டம் வைக்கும், சிஸ்டம் எடுக்கும். டிரைவர் சோர்ஸையும் அங்கேயே வைத்திருந்தேன், அதனால் அதுவும் போய்விட்டது. என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது, இத்துடன் அனுப்புகிறேன். அதை உங்கள் பெயரில் இருக்கும் ஹோம் டைரக்டரியில் வையுங்கள். அப்டேட் அங்கே வந்து எதையும் தொடாது. கம்பைல் செய்வதும் அங்கேயே, உங்கள் பெயரிலேயே. கடைசியில் டிரைவரைப் பொருத்தும்போது மட்டும் sudo, அதாவது நிர்வாகி அதிகாரம், போதும். கட்டளைகளைத் தனியாக எழுதியிருக்கிறேன்.

மாமாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். அவர் அறையில் இல்லாததுபோல அவரைப் பற்றிப் பேசாதீர்கள். முன்பும் சொல்லியிருக்கிறேன்.

கோகிலவாணி


தாராவி
25 ஆகஸ்ட் 2024

வாணிக்கு,

அப்பா பேசிவிட்டார்.

முதல் தடவை வரவில்லை. எல்லாம் நீ சொன்னபடிதான் செய்தேன், ஆனால் டிரைவர் உள்ளே போக மறுத்தது. ஒரு நாள் முழுக்க யோசித்தேன். பிறகு பார்த்தால், நடுவில் இன்னொரு அப்டேட் வந்து புதிய கெர்னல் இறங்கியிருக்கிறது. ரீஸ்டார்ட் செய்யாததால் ஓடுவது இன்னும் பழையதுதான். நான் uname பார்க்காமல் புதிய எண்ணுக்கு ஹெடர் போட்டிருக்கிறேன். ஒரு கம்பெனி ஏசிக்கு இன்னொரு கம்பெனி போர்டை மாட்டிவிட்டு ஏன் ஓடவில்லை என்று கேட்பது மாதிரி. ரீஸ்டார்ட் செய்து, எண்ணைச் சரிபார்த்து, மறுபடி கம்பைல் செய்தேன்.

அப்பா புருவத்தைத் தூக்கினார். எழுத்து நின்றது. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். மெதுவாக ஒவ்வொன்றாக வந்து, கம்ப்யூட்டரின் அந்தப் பெண் குரல் சொன்னது: "ஃபேனக் கொறைல."

இத்தனை நாளும் அட்டையில் அவர் சொல்ல வந்தது அதுதான். 'கொ'வில் நான் விட்டுவிட்டேன்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஏ, இம்புட்டு நாளும் குளுர்லயா கெடந்தீய?" என்று கேட்டுவிட்டு, ஃபேனை அணைத்து, போர்வையைப் போர்த்தி, அவர் காலடியில் உட்கார்ந்து அழுதாள்.

அதன் பிறகு அப்பா இரண்டே வார்த்தை எழுதினார். "வாணி வரணும்." கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். கேட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை எனக்குச் செம்பூரில் வேலை இருக்கிறது. நீ வந்தால் அம்மாவும் அப்பாவும் மட்டும்தான் இருப்பார்கள்.

தமிழ்செல்வன்


கோபர்கைரனே
2 செப்டம்பர் 2024

தமிழ்,

நேற்று வந்தேன். அத்தை சொல்லியிருப்பார்கள். ஆனால் மாமா என்னிடம் பேசும்போது அத்தை அடுப்படியில் இருந்தார்கள். அதனால் இது உங்களுக்கு இன்னும் தெரிந்திருக்காது. நேரில் சொல்ல என்னால் முடியாது.

வழக்கைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்துப் பதில் தயார் செய்துகொண்டு போனேன். அவர் அதைக் கேட்கவில்லை. வேறொன்றை எழுத ஆரம்பித்தார்.

"பிள்ளைக்குப் பேர் வச்சேன்."

எனக்குப் புரியவில்லை. "யார் பிள்ளைக்கு மாமா?" என்று கேட்டேன்.

"ஒம் பிள்ளைக்கு."

எழுத்து ஓடும்போது நான் திரையைப் பார்க்காமல் அவர் புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் பெயரை முதலில் காதால்தான் கேட்டேன். "இசக்கிசெல்வி." அந்தக் குரலுக்கு வருத்தமும் தெரியாது, சந்தோஷமும் தெரியாது. ரயில் அறிவிப்பு மாதிரிச் சொன்னது.

அவள் பிறந்தபோது மாமாவுக்கு நாக்கு ஓய்ந்திருந்தது. இந்தக் கம்ப்யூட்டரும் அப்போது இல்லை. சயான் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் அவள் கிடந்த நாளெல்லாம் அவர் அந்தக் கட்டிலில் அந்தப் பெயரை மனதில் வைத்துக்கொண்டு கிடந்திருக்கிறார். அவள் காலில் கட்டிய அட்டையில் என் பெயர்தான் இருந்தது. கோகிலவாணியின் குழந்தை என்று. அவள் போன பிறகு அந்த மழைக்காலம் முழுக்க நான் யாரோடும் பேசாமல் மாமாவுக்கு டிரைவர் எழுதிக்கொண்டிருந்தேன். அது முடிந்து இத்தனை மாதம் அவர் எல்லாம் பேசினார். இதை மட்டும் சொல்லவில்லை.

"ஏன் மாமா அப்பவே சொல்லல?" என்று கேட்டேன்.

"நீங்க ரெண்டு பேரும் அவளப் பத்திப் பேசல. நான் எப்படிப் பேச."

கொஞ்ச நேரம் கண்ணை மூடினார். விடச் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுபடி திறந்து எழுதினார். "மிஷின் நின்னதும் பயந்துட்டேன். சொல்லாமலே போயிருவேன்னு. பேர் இல்லாமப் போகல அவ."

அத்தை சாப்பிடச் சொன்னார்கள். சாப்பிட்டேன். வடாலா ரோடு வரை வந்து, வாஷி வண்டி இரண்டை விட்டுவிட்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உங்களுக்குத் தெரியவேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன். பதில் எழுதக் கஷ்டமாக இருந்தால் வேண்டாம்.

வாணி


தாராவி
6 செப்டம்பர் 2024

வாணி,

நீ வந்த அன்று எனக்கு வேலை இல்லை. செம்பூர் ஸ்டேஷனில் பிளாட்பார பெஞ்சில்தான் இருந்தேன். உன் வண்டி அந்த வழியாகத்தான் போயிருக்கும்.

நீ எழுதியதைப் படித்த பிறகு நான் ஒன்று சொல்லவேண்டும். அவளை எடுத்துக்கொண்டு போன அன்று நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய். நானும் பக்கத்து வீட்டு ஷகீல் பாயும்தான் போனோம். மயானத்தில் பெயர் கேட்டார்கள். இன்னும் வைக்கவில்லை என்றேன். அந்த ஆள், "கோயி பாத் நஹீ", பரவாயில்லை என்று சொல்லி ஒரு கோடு போட்டுவிட்டு வேலையைப் பார்த்தார். ஷகீல் பாய் என் கையிலிருந்து அவளை வாங்கிக்கொண்டார், எனக்கு உட்காரவேண்டும் போலிருந்தது. இதை உன்னிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் நீ எதுவும் கேட்கவில்லை. எல்லாம் சரியாக நடந்ததா என்று அம்மா கேட்டாள். ஆமாம் என்றேன்.

இப்போது வேலைக்குப் போகும் இடங்களில் ஏணியில் நிற்கும்போது அந்தப் பெயரைச் சொல்லிப் பார்க்கிறேன். சத்தமாக இல்லை.

வக்கீல் விவாகரத்து மனுவின் நகலை அனுப்பியிருந்தார். குழந்தைகள் என்ற இடத்தில் 'இல்லை' என்று இருந்தது. ஒரு பெண், இசக்கிசெல்வி, இறந்துவிட்டாள் என்று மாற்றச் சொன்னேன். உன்னைக் கேட்காமல் செய்தேன். வேண்டாம் என்றால் சொல்.

தமிழ்


கோபர்கைரனே
7 செப்டம்பர் 2024

தமிழ்,

அப்படியே இருக்கட்டும்.

வாணி


தாராவி
17 நவம்பர் 2024

வாணி,

மறுபடி அப்டேட் வந்து எண் மாறிவிட்டது. புருவம் வேலை செய்யவில்லை. அதே எண்ணுக்கு ஹெடர் போட்டு, ஹோம் டைரக்டரியில் உன் சோர்ஸ் இருக்கும் இடத்துக்குப் போய், make அடிக்கவேண்டும். சரிதானே? அதற்கு முன்னால் போன தடவை கம்பைல் செய்ததைத் துடைக்கவேண்டுமா? உன் பதில் வந்த பிறகு செய்யலாம் என்று இருக்கிறேன்.

அப்பா மெலிந்துவிட்டார். இப்போது குழாய் வழியாகத்தான் கஞ்சி. ஒரு வரி எழுதுவதற்குள் புருவம் சோர்ந்துவிடுகிறது. ஆனாலும் நேற்று என்னைத் திட்டினார். சட்டையில் பட்டன் இல்லையாம்.

அங்கே உன் அம்மாவுக்கு ஆபரேஷன் என்று கேள்விப்பட்டேன். ஆள் தேவையென்றால் சொல்.

தமிழ்


கோபர்கைரனே
17 நவம்பர் 2024

தமிழ்,

சரிதான். முன்னால் make clean ஒரு தடவை அடித்துவிடுங்கள். மாமாவைக் காத்திருக்க வைக்காமல் உடனே செய்யுங்கள்.

திரையில் எழுத்து ஓடும் வேகத்தைக் கொஞ்சம் குறைத்திருக்கிறேன், புதிய கோப்பு இத்துடன் இருக்கிறது. புருவத்துக்கு அவசரம் இருக்காது. அவர் அடிக்கடி சொல்லும் வார்த்தைகளை மேல் வரிசையில் வைத்திருக்கிறேன். ஃபேன், தண்ணி, திருப்பிப் படுக்க வை, ஏல.

அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சித்தி வந்திருக்கிறாள். ஆள் தேவையில்லை. கேட்டதற்குச் சந்தோஷம்.

அடுத்த தடவை எண் மாறினாலும் எழுதுங்கள்.

வாணி


கோபர்கைரனே
21 ஜனவரி 2025

தமிழ்,

மாமாவை எடுத்த அன்று நான் சொல்லாமல் கிளம்பிவிட்டேன். தவறாக நினைத்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

அன்று அத்தை என் கையைப் பிடித்து, "எம்மா, ரெண்டு நாளு இருந்துட்டுப் போயேன்" என்றார்கள். இருக்கலாம் என்றுதான் பையை உள்ளே வைத்தேன். அப்போது நீங்கள் வாசலில் வந்து நின்றீர்கள். மழித்த தலையோடு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு. உங்கள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு மாமா போனது மறந்துவிட்டது. சயானில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்த முகம்தான் தெரிந்தது. நீங்களும் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தீர்கள். உங்களுக்கும் அதேதான் தெரிந்தது. இல்லையென்று சொல்லாதீர்கள்.

உங்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை இருந்திருந்தால் சண்டை போட்டுச் சரிசெய்திருக்கலாம்.

மாமா கடைசியாக என்ன எழுதினார்? அத்தையிடம் கேட்க வாய் வரவில்லை.

வாணி


தாராவி
15 மார்ச் 2025

வாணி,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத இவ்வளவு நாள் ஆகிவிட்டது. இல்லையென்று சொல்ல என்னால் முடியவில்லை, அதனால்தான்.

அப்பா கடைசியாகப் பெரிதாக ஒன்றும் எழுதவில்லை. "ஒங்கம்மையச் சாப்பிடச் சொல்லு" என்றார். சொன்னேன். அம்மா சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது தூங்குவதுபோல இருந்தார்.

ஷகீல் பாயின் வீட்டம்மா அஸ்ரின் பாபிக்குப் பக்கவாதம் வந்து பேச்சும் கைகாலும் போய்விட்டது. போன மாதம் ஒரு நாள் பார்க்கப் போனேன். புருவம் அசைகிறது. அப்பாவின் கம்ப்யூட்டரை அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டேன். எழுத்துகளை மட்டும் ஹிந்திக்கு மாற்றினேன். நீ வரமாட்டேன் என்று சொல்லியிருக்க மாட்டாய், ஆனால் உன்னை அலையவிட வேண்டாம் என்று எழுதவில்லை.

எண் மாறும்போதெல்லாம் ஷகீல் பாய் யாரைத் தேடுவார் என்று யோசித்தேன். நானே உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். dkms என்று ஒன்று இருக்கிறது. டிரைவர் சோர்ஸை அதனிடம் ஒப்படைத்துவிட்டால், புதிய கெர்னல் வரும்போதெல்லாம் அதுவே அந்த எண்ணின் ஹெடரைப் பார்த்துக் கம்பைல் செய்துகொள்கிறது. சோர்ஸை /usr/src-இல் வைக்கச் சொல்கிறது. நீ வைக்கக்கூடாது என்று சொன்ன இடம் என்பதால் முதலில் பயந்தேன். ஆனால் தன்னிடம் பதிவு செய்து வைத்ததைச் சிஸ்டமே பார்த்துக்கொள்கிறது. ஹோம் டைரக்டரியிலும் ஒரு பிரதி வைத்திருக்கிறேன்.

முந்தாநாள் அப்டேட் வந்தது. நான் போகவே இல்லை. காலையில் அஸ்ரின் பாபி, "சாய் மே ஷக்கர் கம்" என்று சொன்னதாக ஷகீல் பாய் வந்து சொல்லிச் சிரித்தார். டீயில் சர்க்கரை போதவில்லையாம்.

இந்த dkms வெகுநாளாக இருப்பதுதான் போலிருக்கிறது, எல்லாருக்கும் தெரிந்தது. உனக்குத் தெரியாமல் இருந்திருக்காது. நான் எதுவும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை பாந்த்ரா கோர்ட்டில் நமக்குக் கடைசித் தேதி. அம்மாவுக்குச் சொல்லிவிட்டேன். உன்னைத் திட்டவில்லை. என்னையும் திட்டவில்லை.

தமிழ்


கோபர்கைரனே
18 மார்ச் 2025

தமிழ்,

அஸ்ரின் பாபிக்கு நீங்கள் செய்தது நல்ல காரியம். சரியாகவும் செய்திருக்கிறீர்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் வைத்திருப்பேன்.

தெரியும். உங்கள் முதல் கடிதம் வந்த அன்றே dkms பற்றி எனக்குத் தெரியும். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத வரவில்லை.

வியாழக்கிழமை பாந்த்ராவில் கிழக்குப் பக்கம் இறங்குங்கள், ஆட்டோ அங்கேதான் கிடைக்கும். நான் வரத் தாமதமானால் வெயிலில் நிற்காமல் உள்ளே போய் உட்காருங்கள். கையெழுத்து ஆனதும் வெளியே எங்காவது ஒரு டீ குடிப்போம். அங்கே நமக்குத் தெரிந்தவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள்.

அதற்குப் பிறகு எனக்கு எழுதாதீர்கள். எழுதினால் நான் பதில் எழுதிவிடுவேன்.

வாணி